இல்லையென்று சொல்ல ஓர் ஆள்

உட்காருங்கள் சார். மூச்சு வாங்குகிறது உங்களுக்கு. முதலில் தண்ணீர் குடியுங்கள். எட்டு மாடி ஏறி வருகிற எல்லோருக்கும் நான் முதலில் தண்ணீர்தான் கொடுப்பேன். எல்லோருக்கும் என்று சொன்னாலும் அப்படி ஒன்றும் கூட்டம் இல்லை. லிஃப்ட் ஓடுவதில்லை. ஓடியிருந்தால் இந்த அறை எனக்குக் கிடைத்திருக்காது. லிஃப்டின் மோட்டாருக்காகக் கட்டிய அறை இது. நல்ல காற்று. அதோ, அந்தக் கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தால் மெயின் ரோடு வரைக்கும் தெரியும்.

வேதவல்லியைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். தெரியும். வேலைக்குப் போனவர்கள் திரும்பும் பஸ் இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் மேலே கௌரவத் தலைவரோடு பேசிக்கொண்டிருங்கள் என்று கீழே சொல்லியிருப்பார்கள். அதுதான் முறை. வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலில் என்னிடம்தான் வர வேண்டும் என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

நீங்களும் உங்கள் ஊரில் ஆற்றோரத்து ஜனங்களுக்கு உரிமைப் பயிற்சி கொடுக்கிறவர் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் நான்தான் சார். வேதவல்லி கேட்கிறவள். அவளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் நான். இல்லை இல்லையென்று சொல்லிச் சொல்லியே கற்றுக்கொடுத்தேன். சிரிக்காதீர்கள். அது லேசான வேலை இல்லை.

முன்பு நாங்கள் மதகடியில் இருந்தோம். ஊருக்கு நடுவே ஓடுகிற கால்வாயின் கரை. மதகுப் பாலத்தைத் தாண்டினால் பெரிய பெரிய அடுக்குமாடி வீடுகள். எங்கள் பெண்கள் எல்லோருக்கும் அந்த வீடுகளில்தான் வேலை. விடிவதற்குள் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மறுபடியும் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பாலம் தாண்டினால் வேலை. அவ்வளவு பக்கம். பாலத்தின் அந்தப்பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் என் இஸ்திரி வண்டி. நீங்கள் கை வைத்திருக்கிற இந்த மேஜை அந்த வண்டியின் மேல்பலகைதான். சூடு பட்ட தடம் இருக்கிறது பாருங்கள்.

கால்வாயை அகலப்படுத்தப்போகிறார்கள், எல்லோரையும் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதுதான் ஷைலஜா மேடம் வந்தார்கள். ஒரு அமைப்பிலிருந்து. நல்ல மனுஷி, ஒரு குறை சொல்ல முடியாது. எங்களோடு தரையில்தான் உட்காருவார்கள். அவர்கள் முறை என்னவென்றால் நடிப்பு. ஒருத்தர் ஆபீசராக நடிக்க வேண்டும், மற்றவர்கள் போய் மனு கொடுக்க வேண்டும். கேட்டுப் பழகினால் பயம் போகும் என்பார்கள்.

ஆபீசராக யார் என்று கேட்டார்கள். ஆம்பளைகள் எல்லோரும் லுங்கியும் பனியனுமாக நின்றார்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். தொழில் அப்படி. மேடம் என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்க வாங்க” என்றார்கள். ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே வேதவல்லி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“சாமி, எங்கள இங்கேர்ந்து எடுத்துடாதீங்க சாமி” என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “சரிம்மா, பாத்துக்கலாம், போயிட்டு வா” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடம்கூட. “அண்ணா, நீங்க இவ்ளோ நல்லவரா இருந்தா இவங்க எப்ப கத்துக்கறது? இல்லன்னு சொல்லுங்க. என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லுங்க” என்றார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தேன் சார். பழகப் பழக வந்துவிட்டது. முதலில் தலையை நிமிர்த்தக் கூடாது. யாராவது வந்து நின்றால் பேனா மூடியைத் திறந்து மூட வேண்டும். பிறகு, “யாரும்மா நீங்க, எல்லாரும் ஏன் உள்ள வந்தீங்க?” என்று கேட்க வேண்டும். அவர்கள் பேச ஆரம்பித்ததும், “இது என் செக்‌ஷன் இல்ல” என்று சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், “மேல எழுதியிருக்கு”. என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதினார்கள் என்றெல்லாம் சொல்லக் கூடாது. எழுதியிருக்கு, அவ்வளவுதான். பேச்சும் மாற வேண்டும். எழுத்துத் தமிழாகப் பேச வேண்டும். இப்போது உங்களிடம் பேசுகிறேன் இல்லையா, இது அங்கே வந்ததுதான். பிறகு போகவில்லை.

சாயங்காலமானால் மதகடியே வந்து நிற்கும், நான் இல்லையென்று சொல்வதைக் கேட்க. என் வீட்டுக்காரி கஸ்தூரி ஒருநாள் நடிப்பில் தண்ணீர்க் குழாய் கேட்டு வந்தாள். “உங்கள் பகுதியே எங்கள் வரைபடத்தில் கிடையாதும்மா” என்றேன். அவள் நிஜமாகவே அழுதுவிட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை. மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பெண்களும் தேறினார்கள். கையைக் கட்டுவது போச்சு. சாமி போய் சார் வந்தது. நான் ஒன்று சொன்னால் அவர்கள் இரண்டு சொல்வார்கள். வேதவல்லி இருக்கிறாளே, “உங்க செக்‌ஷன் இல்லன்னா எந்த செக்‌ஷன், அவுரு பேரு இன்னா, எங்க குந்திக்கினு இருக்காரு, காட்டுங்க” என்று மேஜை மேலேயே கை வைத்துவிடுவாள். நான் வியர்த்துப்போவேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவள் தகராறு செய்தாள். மேடத்துக்கு ஒரு கொள்கை. வேண்டாம் என்று பேசக் கூடாது, வேண்டும் என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்பது பயந்தவர்கள் பேச்சாம். வேண்டும் என்பதுதான் உரிமை. அதனால் ‘எங்களை எடுக்காதீங்க’ என்பதை மாற்றி, ‘எங்களுக்குப் பாதுகாப்பான வீடு வேண்டும்’ என்று சொல்லச் சொன்னார்கள்.

“எனக்குத்தான் வூடு இருக்குதே மேடம்” என்றாள் வேதவல்லி. “அத்த இடிக்காம வுட்டா போதாதா?”

“அது நெகட்டிவா இருக்கு வேதவல்லி.”

“எது, என் வூடா?”

எல்லோரும் சிரித்தோம். மேடம் பொறுமையாக விளக்கினார்கள். பிறகு அவள் இன்னொன்று கேட்டாள். “இந்தண்ணன் இல்ல இல்லங்குது, நாங்களும் பேசறோம். அங்க இருக்கறவுரு சரின்னுட்டா இன்னா பண்றது?”

அதற்கும் சிரித்தோம். ஆபீசராவது, சரியென்பதாவது. மேடம், “அப்படிச் சொல்லிட்டா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க” என்றார்கள்.

கடைசியில் அந்த நாள் வந்தது. துறை ஆபீசில் மக்களைக் கூப்பிட்டுக் கேட்கிற கூட்டம். வேன் வைத்துப் போனோம். நான் பேசப் போகவில்லை. ஆனாலும் மேடம் என்னையும் வரச்சொன்னார்கள், என் முகத்தைப் பார்த்தால் பெண்களுக்குப் பழகியதெல்லாம் நினைவுக்கு வரும் என்று. நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்றேன்.

அந்த ஆபீசரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை சார். சின்ன வயசு. நாங்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றுவிட்டான். எழுந்து நிற்கிற ஆபீசரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

“வாங்கம்மா, வாங்க. ஏன் நிக்கிறீங்க? எல்லாருக்கும் சேர் போடுங்கப்பா. டீ சொல்லுங்க” என்றான்.

உட்கார்ந்து பேசப் பழகவே இல்லை அவர்கள். நின்றுகொண்டு பேசத்தான் பழகியிருந்தார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். வேதவல்லி மட்டும் சமாளித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“எங்களுக்குப் பாதுகாப்பான வீடு வேணும் சார்.”

“கண்டிப்பா. உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப்போறோம்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்?

“தண்ணி, கக்கூஸ்...”

“வீட்டுக்குள்ளயே இருக்கும்மா. டைல்ஸ் போட்டது.”

“நாங்க வேலைக்குப் போற எடம்... வேலைக்குப் போறதுக்கு வசதி வேணும் சார்.”

“ரொம்ப நியாயமான கோரிக்கை. காலைல முதல் பஸ் உங்க பிளாக் வாசல்லேர்ந்தே கிளம்பும். எழுதிக்கப்பா.”

வேறு கோரிக்கை இல்லை. அவள் வாயைத் திறந்தாள். டீ வந்தது. குடித்தார்கள். பிறகு எல்லோருமாக நன்றி சொல்லிவிட்டு வந்தோம். வேனில் கைதட்டிக்கொண்டு வந்தார்கள். மேடம் கண்ணில் தண்ணீர். வேதவல்லி மட்டும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, “எங்கன்னு கேக்கலியே” என்றாள். “வூடு எங்கன்னு கேக்கலியே நாம்ப.”

அந்த எங்கே என்பது இந்த இடம்தான் சார். புதுத்திட்டு. நீங்கள் எப்படி வந்தீர்களோ தெரியாது, நகரத்துப் பஸ் எல்லாம் திரும்பிப்போகிற இடத்துக்கு அப்பால். வீடு கொடுத்தார்கள். டைல்ஸும் இருந்தது. மதகடியை இடிக்க வந்தபோது புல்டோசரின் முன்னால் ஒரு துணி பேனர் கட்டியிருந்தார்கள், மக்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று. கேட்டதைக் கொடுத்தால் என்னவென்று சண்டை போடுவது? லாரியில் ஏறினோம்.

தப்பு யார் பேரில் என்று பலபேர் பலவிதமாகச் சொல்வார்கள். மேடம் பேரில் என்பார்கள். சிலபேர் என்னையே சொன்னார்கள். நான் கேட்கிறேன், நான் என் வேலையைச் சரியாகச் செய்தேனா இல்லையா? ஒரு ஆபீசர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தேன். அந்த ஆள் அப்படி இருக்கவில்லை. அவனுக்கு வேலை தெரியவில்லை. என்னைப் போல ஒருத்தன் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், எங்கள் பெண்கள் சண்டை போட்டே ஜெயித்திருப்பார்கள். இன்றைக்கும் மதகடியில் இருந்திருப்போம்.

இங்கே வந்த பிறகு இஸ்திரி ஓடவில்லை. இங்கே யார் சட்டைக்கு மடிப்பு வைக்கிறார்கள்? அதை விடுங்கள். பிளாக்குக்கு ஒரு சங்கம் வேண்டும், தலைவர் வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆபீஸ் நடைமுறை தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே. கீழே வாசலிலேயே ஒரு அறை. அதில் இந்தப் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன்.

பஸ்தான் பிரச்சினை. வாசலிலிருந்து கிளம்பும் என்று சொன்ன பஸ் வரவில்லை. பெண்கள் மெயின் ரோடு வரைக்கும் நடந்து, இரண்டு பஸ் மாறிப் போனார்கள். போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். “பாத்திரமெல்லாம் நானே கழுவிட்டேன், இனிமே எதுக்கு வரே?” என்று ஒவ்வொரு வீடாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வேதவல்லிக்கு இருந்த வீடுகளில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கஸ்தூரிக்கு அதுவும் போய்விடும் போல இருந்தது.

ஒருநாள் எல்லோரும் என் அறைக்கு வந்தார்கள். “ணா, டிப்போவுக்குப் போயி குந்திக்கப்போறோம். நீ தலைவரு, முன்னால வா” என்றாள் வேதவல்லி.

நான் பேனா மூடியைத் திறந்து மூடினேன். “யாரும்மா நீங்கள், எல்லோரும் ஏன் உள்ளே வந்தீர்கள்?” என்றேன்.

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒருத்தர் மட்டும் பேசுங்கள். டிப்போவுக்குப் போக வேண்டுமென்றால் சங்கத்தில் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் போட பொதுக்குழு கூட்ட வேண்டும். கூட்டுவதற்கு முன்னறிவிப்பு வேண்டும்.”

“யாரு குடுக்கணும் முன்னறிவிப்பு?”

“தலைவர்.”

“நீதானே தலைவரு?”

“பரிசீலனையில் இருக்கிறது” என்றேன்.

அவள் மேஜை மேல் கை வைத்தாள். “ணா, இது பயிற்சி இல்லணா. கஸ்தூரிக்கு இருக்கற ஒரு வூடும் போவப்போவுது.”

“பயிற்சி இல்லை என்பதால்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டும்” என்றேன்.

நியாயமாகத்தான் சொன்னேன் சார். முன்பு தயார் இல்லாமல் போய்த்தானே ஏமாந்தோம். இந்தத் தடவை அவர்கள் நன்றாகத் தேறிய பிறகுதான் அனுப்புவது என்று இருந்தேன். தினமும் வந்தார்கள், தினமும் இல்லையென்றேன். ஒவ்வொரு நாளும் புதுக் காரணம். கஸ்தூரி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மதகடியில் இருந்தபோது வந்த வேகம் அவர்களிடம் மறுபடியும் வர ஆரம்பித்திருந்தது.

பிறகு ஒருநாள் வேதவல்லி வந்தாள் பாருங்கள், ஆளே மாறியிருந்தாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நான் அறைக்குள் நுழைகிறேன், உள்ளே உட்கார்ந்திருந்தவள் எழுந்து நிற்கிறாள். “வாண்ணா, வா. குந்துணா” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கஸ்தூரி டீ கொண்டுவந்தாள். அவள் கையால் டீ குடித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“நீ சொல்றதுதான் கரெக்டுணா” என்றாள் வேதவல்லி. “எல்லாம் முறையாத்தான் செய்யணும். உனக்கு இன்னா வோணும் சொல்லு.”

நான் யோசித்தேன். கீழே ஒரே சத்தம், பிள்ளைகள் ஓடுகிறார்கள், வேலை செய்ய முடியவில்லை என்றேன்.

“கண்டிப்பா. உனக்குத் தனி ரூம் இல்லாம வேற யாருக்கு? மேல மோட்டார் ரூம் காலியாத்தான் கெடக்குது. காத்து சும்மா பிச்சிக்கினு போவும்.”

என் பேர் போட்ட போர்டு வேண்டும் என்றேன். “அது இல்லாம எப்படிணா?” என்றாள். சாதாரணத் தலைவர் என்றால் மரியாதை போதவில்லை என்றேன். “கௌரவத் தலைவர்னு போட்டுடலாம். தலைவர் வேலைய நாங்க யாருனா பாத்துக்கறோம், சில்லறை வேலைதானே அது.” எல்லா விஷயமும் முதலில் என் பார்வைக்கு வர வேண்டும் என்றேன். “வராம?” என்றாள்.

சால்வை போட்டார்கள் சார். பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். இந்தப் பலகையை எட்டு மாடி தூக்கிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? வேதவல்லியும் கஸ்தூரியும்தான். நடுவில் ஒரு தடவைகூட இறக்கி வைக்கவில்லை. என் வீட்டிலும் அன்றோடு சண்டை நின்றுவிட்டது. எதைச் சொன்னாலும் சரிங்க என்கிறாள்.

மறுநாளே அவர்கள் டிப்போவுக்குப் போய்விட்டார்கள். என் பார்வைக்கு வரவில்லை. எட்டு மாடி ஏறி வர நேரமில்லையாம், அவசரம் என்றாள் கஸ்தூரி. அங்கே இருந்த மேனேஜரும் சரியென்கிற ரகம்தான் போல. “நாளைக்கே விட்டுடலாம்மா, போயிட்டு வாங்க” என்றிருக்கிறார்.

வேதவல்லியும், “சரி சார், ரொம்ப நன்றி” என்றிருக்கிறாள். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“அதான் சரின்னுட்டேனேம்மா” என்றாராம் அவர்.

“ஆமா சார். நாங்களும் சரின்னுட்டோம். நாளைக்கு பஸ் வந்ததும் அதுலயே ஏறிப்போறோம். நீங்க உங்க வேலையப் பாருங்க.”

அவர் பேசியதற்கெல்லாம் சரியென்றார்களாம், எழுந்திருக்கத்தான் இல்லையாம். மறுநாள் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து பஸ் வருகிறது. கஸ்தூரிக்கு அந்த வீடு தங்கிவிட்டது, பக்கத்திலேயே இன்னொன்றும் கிடைத்திருக்கிறது.

பஸ் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது சார். ஒரு ஆபீசர் சரியென்று சொன்ன பிறகு எழுந்து வருவதுதான் மரியாதை. நான் அப்படியா சொல்லிக்கொடுத்தேன்? எங்கே கற்றாளோ.

அதோ பஸ். பார்த்தீர்களா, பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். நீங்கள் ஏன் இறங்க வேண்டும்? வெளியூரிலிருந்து வந்தவர். நான் போன் போட்டு அவளை மேலே வரச்சொல்கிறேன். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களே கேளுங்கள்.

“வேதவல்லி, நான்தான். ஒருத்தர் வந்திருக்கிறார். மேலே வா.”

“சரிணா.”

“உடனே வா.”

“தோ வந்துட்டேன்ணா. அவுரு இறங்கி வந்தாக்கூட பரவால்லன்னு சொல்லு.”

கேட்டீர்களா? வருகிறேன் என்றாள். வருவாள், உட்காருங்கள். போன வாரமும் ஒருத்தருக்காகக் கூப்பிட்டேன், வந்துட்டேன்ணா என்றாள், வேலை வந்துவிட்டது போல. நீங்கள் உங்கள் ஊரில் பயிற்சி கொடுக்கிறவர் என்பதால் சொல்கிறேன். அவள் கெட்டிக்காரிதான். ஆனால் நான் என்ன சொன்னாலும் சரிணா, சரிணா என்கிறாள். இவ்வளவு பழகியும் இல்லையென்று சொல்ல மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை.